புகை குடிக்கக் கற்றுக்கொண்ட லண்டன்

லண்டனில் தேம்ஸ் நதியின் தண்ணீர் இறங்குகிற நேரத்தில் கரையோரச் சேற்றைக் கிளறினால் (அதற்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும்) சின்னச் சின்ன வெள்ளைக் குழல்கள் கிடைக்கும். பார்த்தால் உடைந்த சாக்பீஸ் மாதிரியே இருக்கும், ஆனால் நடுவில் ஒரு துளை. எல்லாம் களிமண் பைப்பின் தண்டுகள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'சுங்கான்' என்று வருமே, அதேதான். உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து சிகரெட் துண்டு!

ஆற்றங்கரையே வெளுக்கிற அளவுக்கு ஊதித் தள்ளிய இந்த ஊருக்கு 1550இல் பைப் என்றால் என்னவென்றே தெரியாது. அறுபது எழுபது வருடத்துக்குள் பிரபுவிலிருந்து படகோட்டி வரை எல்லோர் வாயிலும் அது வந்துவிட்டது. இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புகைப்பது தானாக வருகிற பழக்கம் இல்லை. முதல் தடவை இழுப்பவனுக்கு இருமல் வரும், தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். உடம்பு வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிற ஒரு காரியத்தை ஒரு தேசம் முழுக்க எப்படிக் கற்றுக்கொண்டது? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பள்ளிக்கூடப் பதில் வால்டர் ராலே. அவர் புகை விட்டுக்கொண்டிருந்தபோது வேலைக்காரன் எஜமான் மேல் தீப்பிடித்துவிட்டது என்று பயந்து தலையில் தண்ணீரை ஊற்றினான் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதைதான், ஆனால் கதை. இதே சம்பவத்தை டார்ல்டன் என்ற நகைச்சுவை நடிகர் பெயரிலும் சொல்லியிருக்கிறார்கள். ராலே அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புவதற்குப் பத்து வருடம் முன்பே, 1573இல், வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் பரவுவதைக் குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு பைப்பை எப்படி வர்ணிப்பது என்று தெரியவில்லை. சின்னக் கரண்டி மாதிரி ஒரு கருவி என்று எழுதினார். அதற்கு முன்பே கப்பல்காரர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஆனால் முறையாகக் கற்றுக்கொண்டு, அதைப் புத்தகத்திலும் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. பெயர் தாமஸ் ஹாரியட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், கணிதத்தில் கில்லாடி. 1609இல் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தவர் இவர், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே! வெளியிடாமல் வைத்திருந்ததால் பெயர் கலிலியோவுக்குப் போய்விட்டது. அது தனிக்கதை.

1585இல் ராலே அனுப்பிய கப்பல்களில் ஹாரியட் ரோனோக் தீவுக்குப் போனார். இன்றைய வடக்கு கரோலினா. அப்போது அவருக்கு 25 வயதுதான். மற்றவர்கள் தங்கம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க, இந்த மனுஷன் அங்கிருந்த அல்கோன்கியன் மக்களின் மொழியைப் பேசினார். அந்த ஊர்க்காரர்களான மான்டியோ, வாஞ்சீஸ் என்ற இருவர் அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்துக்கு வந்தபோதே அவர்களிடம் கற்றுக்கொண்டு, அந்த மொழிக்கென்று தனி எழுத்துமுறையும் உருவாக்கியிருந்தார்.

1588இல் வெளியான அவருடைய சின்னப் புத்தகத்தில் 'உப்போவோக்' என்ற செடியைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. இலையை உலர்த்திப் பொடியாக்கி, களிமண் குழலில் வைத்து, புகையை வயிற்றுக்கும் தலைக்கும் இழுக்கிறார்கள் என்கிறார். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. புனிதமான இலை. புயல் வந்தால் தண்ணீரில் தூவுவார்கள், மீன்பிடிக்கத் தடுப்பு வேலி அமைத்தால் அதிலும் காற்றிலும் தூவுவார்கள், ஆபத்திலிருந்து தப்பினால் வானத்தை நோக்கி வீசுவார்கள். ஹாரியட்டும் நண்பர்களும் அவர்களைப் பார்த்து அதே முறையில் இழுக்கப் பழகினார்கள். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை என்று அவரே எழுதுகிறார்.

அங்கே விளைந்த இலை இன்றைய சிகரெட் புகையிலை இல்லை, 'ரஸ்டிகா' என்ற வேறு இனம். நிகோடின் பல மடங்கு அதிகம். கற்றுக்குட்டிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே புத்தகத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தப் புகையால்தான் அந்த மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், நம் ஊரில் உள்ள பல நோய்கள் அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று புகழ்கிறார் ஹாரியட். சில பக்கங்கள் தள்ளி, ஆங்கிலேயர் போய் வந்த கிராமங்களில் சில நாட்களுக்குள் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததையும் எழுதுகிறார். ஒரு ஊரில் 20, இன்னொன்றில் 40, 60, ஒரு இடத்தில் 120. நோய் தெரியாத ஊருக்கு நோயைக் கொண்டுபோனவர்கள் யார் என்பதை அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அவருடைய காலத்து அறிவுக்கு அது எட்டாதுதான். ஆனாலும் இன்று படிக்கும்போது நெஞ்சை அடைக்கிற பக்கம் அது.

சரி, லண்டனுக்கு வருவோம்.

அங்கே புகையிலை முதலில் நுழைந்தது மருந்தாக. செவில் நகரத்து வைத்தியர் மொனார்டெஸ் எழுதிய புத்தகம் 1577இல் ஆங்கிலத்தில் வந்தது. தலைவலி முதல் விஷக்கடி வரை எல்லாவற்றுக்கும் இந்த இலைதான் என்றது அது. அன்றைய ஐரோப்பிய வைத்தியம் நம்ம வாதம் பித்தம் கபம் மாதிரி ஒரு கணக்கு. உடம்பில் நான்கு நீர்கள் உண்டு, கபம் மிஞ்சினால் வெளியேற்ற வேண்டும். அப்படியானால் புதிதாக இழுப்பவன் இருமி, துப்பி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? மருந்து வேலை செய்கிறது! உடம்பு கொடுத்த எச்சரிக்கையை வைத்தியம் குணமாகும் அறிகுறி என்று மொழிபெயர்த்துவிட்டது. பழக்கம் பரவியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருந்திருக்க முடியாது. ஒரு வாரம் சகித்துக்கொண்டால் குமட்டல் போய்விடும். அதற்குப் பிறகு விட முடியாது.

அப்போது இதைப் 'புகைத்தல்' என்றுகூடப் பெரும்பாலும் சொல்லவில்லை. புகையிலையைக் 'குடிப்பது' என்றார்கள். நம்ம ஊரில் 'பீடி குடிக்கிறான்' என்பதில்லையா, அதே மாதிரி. குடிப்பது என்றால் உள்ளே போக வேண்டும். இன்று பைப் பழகுகிறவர்களிடம் முதலில் சொல்வது புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயோடு நிறுத்து என்பதுதான். அன்றைய லண்டன்காரர்கள் நேர் எதிர். 1598இல் வந்த ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மன் பயணி, இவர்கள் புகையை இழுத்து மூக்கு வழியாகப் புனல் மாதிரி வெளியே விடுவதையும், கூடவே சளியும் வருவதையும் அருவருப்போடு எழுதி வைத்திருக்கிறார்.

நாகரிகமாகப் புகை விடத் தெரியாதவர்களுக்கு வாத்தியார்களும் இருந்தார்களாம். 1599இல் பென் ஜான்சன் எழுதிய நாடகத்தில் ஷிஃப்ட் என்ற ஆசாமி, புனித பால் தேவாலயத்தில் விளம்பரம் ஒட்டுகிறான். இளம் கனவான்களுக்குப் புகையிலை குடிக்கக் கற்றுத்தரப்படும் என்று. பாடத்திட்டம்கூட உண்டு: 'கியூபா கொதிப்பு', 'யூரிப்பஸ்', 'விஃப்'. யூரிப்பஸ் என்பது கிரேக்க நாட்டில் ஒரு ஜலசந்தி, நீரோட்டம் ஒரு நாளில் பல தடவை திசை மாறும். புகையை உள்ளேயும் வெளியேயும் ஓட்டுகிற வித்தையாக இருக்க வேண்டும். நாடகம் கிண்டல்தான். ஆனால் ஊரில் இல்லாததைக் கிண்டல் செய்தால் யார் சிரிப்பார்கள்?

ஜான்சனின் இன்னொரு நாடகத்தில் (1610) ஏபல் டிரகர் என்ற புகையிலைக் கடைக்காரன் வருகிறான். புதுக் கடைக்குக் கதவு எந்தப் பக்கம் வைப்பது, அலமாரி எங்கே வைப்பது என்று மந்திரவாதியிடம் கேட்கிறான். அப்படியே வாஸ்து! அவன் சரக்கில் எண்ணெய் கலக்கமாட்டான், மண்ணில் புதைத்து ஈரமேற்றமாட்டான் என்று நற்சான்றிதழ் தருகிறார்கள். மற்ற கடைகளில் என்ன நடந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது. கடையில் இலை நறுக்க மேப்பிள் கட்டை, ஜூனிப்பர் விறகின் தணல், அந்தத் தணலை எடுத்து பைப்பில் வைக்க வெள்ளி இடுக்கி எல்லாம் இருக்கும். உட்கார்ந்து குடித்துவிட்டும் போகலாம்.

விலை? ஜான் ஆப்ரி சேகரித்த செய்தி இது. கிராமத்துப் பெரியவர்கள் சந்தைக்குப் போகும்போது இருப்பதிலேயே கனமான ஷில்லிங்குகளைப் பொறுக்கி எடுத்துப் போவார்களாம், புகையிலைக்கு எதிர்த்தட்டில் வைக்க. வெள்ளிக்கு எடை வெள்ளி. பணக்காரர்களிடம் வெள்ளி பைப். இல்லாதவர்கள் வால்நட் ஓட்டில் ஒரு வைக்கோல் குழலைச் செருகி, மேஜையைச் சுற்றிக் கைமாற்றிக் குடித்தார்கள்.

1603இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ஜேம்ஸுக்கு இந்த நாற்றம் ஆகவே ஆகாது. மறுவருடமே புகையிலையைக் கண்டித்து ஒரு பிரசுரம் எழுதினார், முதலில் பெயர் போடாமல். மூளைக்கும் நுரையீரலுக்கும் கேடு என்றார். இதில் அவர் சொன்னது சரி, சொன்ன காரணங்கள் தப்பு. 'காட்டுமிராண்டிகளை' நாம் ஏன் காப்பியடிக்க வேண்டும் என்பது அவருக்குப் பெரிய வாதம். எழுதியதோடு விடவில்லை. பவுண்டுக்கு 2 பென்னியாக இருந்த இறக்குமதி வரியை அதே 1604இல் 6 ஷில்லிங் 10 பென்னி ஆக்கினார். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆகவே 82 பென்னி. ஒரே தாவலில் 41 மடங்கு! கள்ளக்கடத்தல்காரர்கள் கொண்டாடியிருப்பார்கள். வரியைப் பிறகு குறைக்க வேண்டி வந்தது.

அதற்குள் காட்சி மாறியது. 1612 வாக்கில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஜான் ரோல்ஃப் (போகஹாண்டஸை மணந்தவர்) ஸ்பானியர்களின் இனிய ரகப் புகையிலையைப் பயிரிட்டார். பசியில் செத்துக்கொண்டிருந்த அந்தக் குடியேற்றத்துக்கு விற்க ஒரு சரக்கு கிடைத்தது. 1617இல் சுமார் 20,000 பவுண்டு எடை கப்பலேறியது. 1630களின் இறுதியில் வருடத்துக்குப் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கு நிகராக விற்ற பண்டம், விளைகிற இடத்தில் பவுண்டு ஒரு பென்னி அளவுக்கு விழுந்தது. ஜேம்ஸ் பெயர் வைத்த ஊர், ஜேம்ஸ் வெறுத்த இலையில் பிழைத்தது.

1619ஐ மட்டும் தனியாகப் பாருங்கள். அந்த வருடம் ஜேம்ஸ் லண்டன் பைப் செய்பவர்கள் சங்கத்துக்கு அரச சாசனம் கொடுத்தார். அதே வருடம் இங்கிலாந்துக்குள் புகையிலை பயிரிடத் தடை போட்டார். உள்ளூரில் விளைந்தால் இறக்குமதி வரி எப்படி வரும்? அதே வருடம் ஆகஸ்டில் வர்ஜீனியாவில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கி விற்றது. அதைக் கடிதத்தில் எழுதியவர் வேறு யாருமில்லை, புகையிலை ரோல்ஃப்தான். மலிவு விலைப் புகைக்கு மலிவு உழைப்பு. லண்டனில் பைப்பைப் பற்றவைத்தவன் கணக்கில் அது ஏறவில்லை.

இந்த விலை வீழ்ச்சி பைப்பின் உருவத்திலேயே தெரியும். ஆரம்பகால பைப்பின் கிண்ணம் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவு. பின்னாளில் அவற்றைத் தோண்டியெடுத்த ஜனங்கள் குட்டித் தேவதைகள் பிடித்த பைப் என்றே நம்பினார்கள். இலை மலிய மலியக் கிண்ணம் பெருத்தது. தண்டும் நீண்டது, துளை செய்யும் கம்பி மெலிந்தது. இதை வைத்தே 1954இல் ஹாரிங்டன் என்ற அகழாய்வாளர் பைப் துண்டுகளுக்கு வயது கணிக்கும் வழி கண்டார். 1962இல் பின்ஃபோர்ட் அதைச் சூத்திரமாக்கினார்: துளையின் சராசரி விட்டத்தை அங்குலத்தில் 64இல் எத்தனை பங்கு என்று அளந்து, அதை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழிக்க வேண்டும். 8 பங்கு என்றால் 1626. 5 பங்கு என்றால் 1741. (அப்படியே போனால் 1931இல் துளையே மறைந்துவிடும். அதனால் 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு மேல் சூத்திரம் உதவாது :-)

ஹாரியட் என்ன ஆனார்? 1618 அக்டோபர் 29 அன்று ராலேயின் தலை துண்டிக்கப்பட்டபோது கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்தார். கொலைமேடைக்குப் போகும் முன் ராலே ஒரு பைப் பிடித்தார் என்கிறார் ஆப்ரி. அப்போதே ஹாரியட்டின் மூக்கில் புண் இருந்தது. பார்த்த வைத்தியர் மேயர்ன், ஜேம்ஸ் மன்னருக்கும் வைத்தியர். புற்றுநோய்ப் புண் என்று எழுதினார். முப்பது வருடத்துக்கு மேல் புகை வழிந்த மூக்கு. காரணம் அதுதான் என்று நானூறு வருடம் கழித்து நிரூபிக்க முடியாது, சந்தேகப்படாமலும் இருக்க முடியாது. 1621 ஜூலை 2ஆம் தேதி இறந்தார். புதைத்த தேவாலயத்தை 18ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், பேங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்தை விரிவாக்க.

மருந்து என்ற நம்பிக்கை அவரோடு சாகவில்லை. 1665இல் லண்டனில் பிளேக். ஜூன் 7ஆம் தேதி கதவுகளில் சிவப்புச் சிலுவைக் குறியைப் பார்த்துப் பயந்துபோன சாமுவேல் பீப்ஸ், மோந்து பார்க்கவும் மெல்லவும் புகையிலை வாங்கினார் என்று அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. ஈட்டன் பள்ளிக்கூடத்தில் தினம் காலையில் பையன்கள் எல்லோரும் பைப் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. அப்போது அங்கே படித்த ஒருவர் சொன்னதைப் பிற்காலத்தில் தாமஸ் ஹெர்ன் என்பவர் எழுதி வைத்தார். அந்த மாணவர் தன் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பிரம்படி வாங்கியது ஒரு நாள் காலையில், புகை பிடிக்காததற்காக.