எஸ்பெராண்டோ - மலாய் மொழி ஒப்பீடு

எஸ்பெராண்டோ, மலாய் ஆகிய இரண்டும் வெவ்வேறு தாய்மொழியினர் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழிகளாகப் பயன்படுபவை ஆகும். முன்னது ஒருவரால் திட்டமிட்டு ஆக்கப்பட்டது. பின்னது கடல் வணிகத்தின் வழியே பரவிய இயற்கை மொழி. இரண்டும் எளிதில் கற்கத்தக்கவை எனப் பெயர் பெற்றவை. ஆனால் இவற்றின் எளிமை ஒரே வகையானதன்று.

தோற்றமும் பரவலும்

எஸ்பெராண்டோவை உருவாக்கியவர் எல். எல். சாமன்ஹாஃப் என்னும் கண் மருத்துவர். உருசியப் பேரரசின் கீழிருந்த பியாவிஸ்தோக் நகரில் 1859 இல் பிறந்த யூதரான இவர், அந்நகரின் பல மொழிச் சமூகங்களிடையே நிலவிய பகைமைக்குப் பொதுமொழி இல்லாமையே முக்கிய காரணம் எனக் கருதினார். இம்மொழியின் முதல் நூல் 1887 இல் வார்சாவில் வெளியானது. ஒவ்வொருவரும் தம் தாய்மொழியைப் பேணிக்கொண்டு இதனை இரண்டாம் மொழியாகக் கொள்ளவேண்டும் என்பதே அவர் நோக்கம். 1920களில் உலக நாடுகள் சங்கத்தில் இதற்கு ஆதரவு எழுந்தபோது பிரான்சு எதிர்த்தது. எந்த நாடும் இதனை ஆட்சிமொழியாகக் கொள்ளவில்லை. பேசுவோர் தொகை ஒரு இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை பலவாறு மதிப்பிடப்படுகிறது.

மலாய் மொழியின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சுமாத்திராவின் பலெம்பாங் அருகே கிடைத்த, கி.பி. 683 ஆம் ஆண்டைச் சேர்ந்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. இது பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் மலாக்கா முதலிய துறைமுகங்களில் தமிழர், சீனர், அராபியர், சாவகர் என அனைவரும் மலாய் பேசி வணிகம் செய்தனர். 1928 அக்டோபர் 28 அன்று இந்தோனேசிய இளைஞர்கள் எடுத்த உறுதிமொழி, மலாய் மொழியையே 'இந்தோனேசிய மொழி' என்ற பெயரில் ஒற்றுமை மொழியாக ஏற்றது. அத்தீவுகளில் மிகுதியானோரின் தாய்மொழி சாவக மொழியே. மலாய் சிறுபான்மையினரின் தாய்மொழிதான். ஆயினும் அது ஏற்கெனவே சந்தைகளில் வழங்கிவந்தது. கேட்பவரின் தகுதிக்கேற்பச் சொற்களை மாற்றும் சாவகத்தின் சிக்கலான மரியாதைப் படிநிலைகளும் அதில் அவ்வளவாக இல்லை. இன்று இந்தோனேசிய வடிவத்தையும் சேர்த்து இருபது கோடிக்கும் மேற்பட்டோர் மலாய் அறிந்துள்ளனர்.

சொல்லாக்கம்

இரு மொழிகளும் வேர்ச்சொல்லுடன் ஒட்டுகளைச் சேர்த்துப் புதுச்சொற்களை ஆக்குகின்றன. எஸ்பெராண்டோவில் 'சானா' நலமான, 'மல்சானா' நோயுற்ற, 'மல்சானூலோ' நோயாளி, 'மல்சானூலேயோ' மருத்துவமனை. ஒரே வேரிலிருந்து படிப்படியாகச் சொல் வளர்வதைக் காணலாம். இந்தோனேசியாவில் மருத்துவமனை 'ரூமா சாக்கிட்', அதாவது நோய் வீடு. மலேசியாவில் ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது. தொடர்வண்டிப் பாதைக்கு எஸ்பெராண்டோச் சொல்லான 'ஃபெர்வோயோ' நம் 'இருப்புப்பாதை' போலவே அமைந்தது.

எஸ்பெராண்டோவில் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பொருள் உண்டு. ஒட்டு சேர்வதால் வேர் திரிவதில்லை. மலாயில் 'தூலிஸ்' (எழுது) என்பது 'மெனூலிஸ்' (எழுதுதல்), 'பெனூலிஸ்' (எழுத்தாளர்) ஆகும்போது முதல் ஒலி மறைகிறது. இவ்வாறே 'சாப்பு' (பெருக்கு) என்பதிலிருந்து 'பெஞாப்பு' (துடைப்பம்) பிறக்கிறது. ஒரே முன்னொட்டு இங்கு ஆளையும் அங்கு கருவியையும் குறிப்பதைக் கவனிக்கலாம். இவற்றைப் பழக்கத்தால்தான் அறியமுடியும்.

இலக்கணம்

எஸ்பெராண்டோவில் காலம் விகுதியால் உணர்த்தப்படும்: 'ஸ்க்ரீபாஸ்' நிகழ்காலம், 'ஸ்க்ரீபிஸ்' இறந்தகாலம், 'ஸ்க்ரீபோஸ்' எதிர்காலம். மலாய் வினைக்குக் கால விகுதியே இல்லை. தேவைப்பட்டால் 'சூடா' (முடிந்தது), 'ஆக்கான்' (இனி) போன்ற சொற்கள் முன்னே நிற்கும். பன்மைக்கு எஸ்பெராண்டோ விகுதி சேர்க்கும். பெயரடையும் அவ்விகுதியை ஏற்கவேண்டும். மலாயில் 'ரூமா-ரூமா' (வீடுகள்) எனச் சொல்லை இரட்டித்தால் போதும். எண்ணோ சூழலோ பன்மையை உணர்த்தினால் அதுவும் வேண்டியதில்லை.

எஸ்பெராண்டோவில் செயப்படுபொருளுக்கு நமது இரண்டாம் வேற்றுமை உருபைப் போல 'ன்' சேரும். 'மி வீதாஸ் காதோன்' (நான் பூனையைப் பார்க்கிறேன்) என்பதை எவ்வாறு மாற்றி அடுக்கினாலும் பொருள் மாறாது. 'சாயா நம்பாக் கூச்சிங்' என்னும் மலாய் வாக்கியத்தை முன்பின்னாக மாற்றினால் பூனை நம்மைப் பார்க்கும். ஆயினும் ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த போர்வீரர், நாடுகடத்தப்பட்டோர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் பேசும் இலங்கை மலாய், தமிழ், சிங்களத் தொடர்பால் வேற்றுமை உருபுகளைப் பெற்று, வினையையும் வாக்கிய இறுதிக்குக் கொண்டுசென்றுள்ளது.

தமிழ் மாணவர் சில இடங்களில் மலாயில் தம் மொழியையே காண்பர். 'கீத்தா', 'காமி' என்னும் வேறுபாடு நாம், நாங்கள் என்பதே. எஸ்பெராண்டோவில் இரண்டிற்கும் 'நி' ஒன்றே. அக்காளை 'காக்காக்' என்றும், தம்பி தங்கையரை 'அடேக்' என்றும் பிரிக்கும் மலாய் வழக்கும் எஸ்பெராண்டோவில் இல்லை. அதில் தாயைக் குறிக்கும் 'பாத்ரீனோ' தந்தையைக் குறிக்கும் 'பாத்ரோ'விலிருந்து ஆக்கப்பட்டது; இது நெடுங்காலமாகக் குறைகூறப்படுகிறது.

தமிழர் தொடர்பு

எஸ்பெராண்டோவின் வேர்ச்சொற்களுள் பெரும்பாலானவை ஐரோப்பிய மொழிகளுக்குரியவை. ஆகையால் அதன் நடுநிலைமை ஆசியருக்கு முழுமையானதன்று. மலாயிலோ 'காப்பால்' (கப்பல்), 'கெடாய்' (கடை), 'காத்தில்' (கட்டில்), 'பெத்தி' (பெட்டி) எனப் பல சொற்கள் தமிழிலிருந்து சென்றவை. சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டிக்குப் பெயர் தேடித்தந்த முறுக்கும் மலேசியாவில் அதே பெயரில் விற்கப்படுகிறது.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பள்ளி எதுவுமின்றிச் சந்தையிலேயே மலாய் கற்றனர். 'எனது வீடு' என்பதற்குச் செம்மை மலாயில் 'ரூமா சாயா' என்பர். சந்தை மலாயில் 'சாயா புஞா ரூமா' என்றாயிற்று. இது தமிழ், சீன மொழிகளின் சொல்வரிசையை ஒத்தது.

இயற்கை மொழி பொதுமொழியாகும்போது தாய்மொழியின் இடத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடும். மலாக்கா சுல்தானகக் காலத்தில் குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்கா செட்டிகள் இந்து சமயத்தைக் காத்துவந்தாலும் தமிழை இழந்து, தமிழ்ச்சொற்கள் கலந்த ஒருவகை மலாயையே வீட்டுமொழியாகக் கொண்டனர். தோட்டத் தமிழரின் வழித்தோன்றல்களிடையே தமிழ் பெரிதும் நிலைத்தது. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் மலாய் கட்டாயப் பாடமாக உள்ளது.