சாவா மூவா ஆமை

கொடும்பாளூர் என்றதும் நம்மில் பலருக்கு வானதிதான் நினைவுக்கு வருவாள். அது கல்கி செய்துவிட்டுப் போன மாயம். அதற்கு வெகு காலம் முன்பே இந்த ஊர் இலக்கியத்தில் இடம் பிடித்துவிட்டது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தபோது வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் காட்டுவது இவ்வூர்க் குளத்தைத்தான். இருக்குவேளிரின் தலைநகராக இருந்த அந்தப் பெருநகரம் இன்று விராலிமலைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மூவர் கோயில் என்று பெயர். ஆனால் நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

கட்டியவன் பூதி விக்கிரமகேசரி. பத்தாம் நூற்றாண்டு என்று பலர் சொல்வார்கள். ஒன்பது என்று வாதாடுபவர்களும் உண்டு. தன் பெயரால் ஒரு விமானமும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயராலும் ஒவ்வொன்றும் எழுப்பினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. சிற்பத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். என் மனத்தைப் பிடித்தது அந்தக் கல்வெட்டில் உள்ள சாப்பாட்டு விஷயம். மல்லிகார்ஜுனர் என்ற காளாமுக குருவுக்கு ஒரு பெரிய மடத்தைக் கொடுத்த அரசன், ஐம்பது தவசிகளுக்கு அன்னமிட பதினோரு கிராமங்களையும் சேர்த்தே எழுதி வைத்தான். மடத்தை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அடுத்த தலைமுறையில் அடுப்பு அணைந்திருக்குமே!

நம் முன்னோர் இதில் பெரிய கெட்டிக்காரர்கள். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடு வேண்டும். தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஆடுகளைக் கொடுத்து, அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயரும் வைத்தார்கள். ஆடு சாகாதா? சாகும். மந்தை சாகாது; குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டியது இடையனின் பொறுப்பு. அவனுக்குப் பின் அவன் மகனின் பொறுப்பு.

இந்த யோசனையோடு கோயிலை விட்டு வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு பையனைப் பார்த்தேன். பத்து வயதிருக்கும். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குடம் ஒன்றை மடியில் வைத்திருந்தான். உள்ளே கொட்டாங்கச்சி அளவில் ஓர் ஆமைக்குட்டி. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள், நட்சத்திர ஆமை.

"எங்கேடா தம்பி பிடிச்சே?"

"குளத்துக்கு அந்தாண்டை முள்ளுக்குள்ளே கிடந்துச்சு சார். நாலு நாளாச்சு. தயிருஞ்சோறு வைக்கிறேன், தொடவே மாட்டேங்குது."

பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவன் அப்பாயி குறுக்கிட்டாள். "ஆமை பூந்த வீடு வெளங்குமாய்யா? நாளைக்குக் காலையிலே குளத்துலே வீசிட்டு வந்துடுன்னு சொல்லியிருக்கேன்."

பொறாமை, கல்லாமை போன்ற 'ஆமை'களைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது என்று விளக்குவோர் உண்டு. சாமர்த்தியமான விளக்கம், அப்பாயியிடம் எடுபடாது என்பதால் நான் முயலவில்லை. எனக்குத் திக்கென்றது வேறொன்று. அது தரையாமை. காலைப் பார்த்தாலே தெரியும். துடுப்புப் போல் சவ்வு இல்லாமல், யானைக்காலின் குட்டி அச்சுப் போல இருக்கும். அதற்கு நீந்தத் தெரியாது. ஆழமான குளத்தில் எறிந்தால் மூழ்கிச் சாகும்.

ஆமை வளர்த்த கதைகளில் எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் நடந்தது. பாதிரியார் கில்பர்ட் வைட்டின் அத்தை வீட்டுத் தோட்டத்தில் டிமதி என்று ஓர் ஆமை இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கீரை போட்ட கிழவியைக் கண்டால் அது தள்ளாடித் தள்ளாடி எதிரே ஓடிவருமாம். அந்நியரைத் திரும்பியும் பாராதாம். அத்தை இறந்த பின் 1780-ல் வைட் அதைத் தம் செல்போர்ன் கிராமத்துக்கு வண்டியில் கொண்டுவந்தார், நிறுத்துப் பார்த்தார், மழைத்துளிக்கு அது ஒதுங்குவதைக்கூட எழுதி வைத்தார். 1793-ல் அவர் போனார். மறு வருஷம் டிமதியும் போயிற்று. அப்புறம் ஓட்டை ஆராய்ந்தவர்கள்தான் அது பெண் என்று கண்டுபிடித்தார்கள்!

நம் நாட்டுக் கதை இன்னும் பெரிது. கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் அத்வைதா என்ற ராட்சத ஆமை 2006 வரை இருந்தது. ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்று பரம்பரையாகச் சொல்வார்கள். 1752-ல் இதோ பக்கத்தில் திருச்சிராப்பள்ளிச் சண்டையில் நின்றானே, அதே கிளைவ். அவனும் போனான், கம்பெனி போயிற்று, சக்கரவர்த்தினி போனாள், சுதந்திரம் வந்தது. ஆமை தவிடும் காரட்டும் ஊறிய கடலையும் ரொட்டியும் புல்லும் உப்பும் தின்றுகொண்டிருந்தது. ஆமைக்கு உணவிடுகிறவர் தமக்குப் பின் யார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குட்டி ஆமையின் சாப்பாடு எளிது. ஆனால் நம் சாப்பாடு அல்ல. சோறு, பால், தயிர், ரொட்டி ஆகாது. அறுகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் இவைதான் விருந்து. பழம் எப்போதாவது. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை அதற்கு உதவும். அந்தச் சத்து உடலில் சேர நேரடியாக வெயில் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது. வெயிலும் சத்தும் இல்லாத குட்டியின் ஓடு அழுத்தினால் அமுங்கும். காய்ந்த இடத்திலேயே அடைத்து வைத்தாலும் ஆபத்து. ஓடு மேடு மேடாகக் கூம்பிவிடும். காட்டில் குட்டிகள் புல்லடி ஈரத்தில் பதுங்குவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரோ, தாடை உயரத்துக்கு மேல் போகாத ஆழமற்ற தட்டில் வைக்கவேண்டும்.

இவ்வளவும் வெளிநாடுகளில் அனுமதி பெற்று வளர்ப்பவர்களுக்கும், பிடிபட்ட ஆமைகளைப் பேணும் நிலையங்களுக்கும் பயன்படும். நம் வீடுகளில் இதை வைத்திருப்பதை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2019-ல் ஜினீவாவில் கூடிய மாநாடு சர்வதேச வியாபாரத்தையும் அநேகமாக அடைத்துவிட்டது. ஆனாலும் பெட்டிகளில் துணிக்கு நடுவே அடுக்கிய குட்டிகள் விமான நிலையங்களில் அகப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அழகே அதற்குச் சத்துரு. அந்த ஓட்டின் வளைவில் கணிதமும் இருக்கிறது: எப்படி வைத்தாலும் தானே நிமிரும் ஓர் உருவத்தை 2006-ல் செய்து காட்டிய ஹங்கேரியக் கணித அறிஞர்கள், இந்த ஆமையின் ஓடு ஏறக்குறைய அதே வடிவம் என்று கண்டார்கள்.

பையனிடம் கணிதம் பேசவில்லை. "நாலு நாளாத் திங்கலையே, நாளைக்கும் திங்கலேன்னா?" என்று மட்டும் கேட்டேன். அவன் குடத்துக்குள் வெகு நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, "எடுத்த இடம் எனக்குத் தெரியும் சார்" என்றான்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். முள்ளும் கள்ளியும் மண்டிய மேட்டுநிலம். நிழலில் வைத்ததும் குட்டி தலையை இழுத்துக்கொண்டது. பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் மூக்கு வந்தது, பிறகு கழுத்து. இரண்டடி நடந்து, தரையில் படர்ந்த ஏதோ ஒரு கொடியின் இலையைக் கடித்தது.

"திங்குது சார்!" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அப்பாயி, "குளத்துலே போட்டியாடா?" என்று கேட்டாள்.

"இல்லே அப்பாயி, அது வீட்டுலே விட்டுட்டேன்."

"சரி, காலைக் கழுவிட்டு உள்ளே போ" என்றாள்.