கண் பரிசோதனையில் மூச்சுத்தடுப்பு

கண் பரிசோதனையின்போது மருத்துவர், நோயாளி ஆகிய இருவருக்கும் இடையே தொற்று பரவாமல் காக்கும் கருவிகளுள் ஒன்று மூச்சுத்தடுப்பு. இது ஸ்லிட் லேம்ப் எனப்படும் பிளவு விளக்கில், மருத்துவர் பார்க்கும் வில்லைக்குழல்களைச் சுற்றிப் பொருத்தப்படும் தெளிவான நெகிழித் தகடு ஆகும்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி: 1798–1832) நடத்திய தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் கண்களின் படங்களுடன் எழுதப்பட்டன. அவை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் இவர் காலத்ததே. கிருமிக் கொள்கை அப்போது உருவாகவில்லை. எனவே கையுறை, முகக்கவசம் பற்றிய எண்ணத்துக்கே இடமில்லை.

1911-இல் சுவீடனைச் சேர்ந்த குல்ஸ்ட்ராண்ட் பிளவு விளக்கை அறிமுகப்படுத்தினார். கண்ணை நுணுக்கமாகக் காண முடிந்தது. ஆனால் இரு முகங்களும் ஏறத்தாழ ஓரடி தூரத்துக்கு நெருங்கின.

ஆயினும், முதலில் கவலை தந்தது மூச்சு அல்ல, கையும் கருவியும்தான். 1918-இல் சென்னையில் கண்டறியப்பட்டதால் ‘மெட்ராஸ் ஐ’ என்று பெயர் பெற்றதாகக் கூறப்படும் கண் நோய்க்கு அடினோவைரசுகள் முக்கியக் காரணம். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் இவ்வகை நோய் பரவியது. கண்ணில் விழுந்த தூசியை எடுக்கச் சென்ற தொழிலாளர்கள், சிகிச்சையறையிலேயே நோயை வாங்கிவந்தனர்! கண் அழுத்தமானியின் முனையும் இவ்வாறு நோயைக் கடத்தும். அதைச் சாராயத்தால் துடைப்பது மட்டும் அடினோவைரசுக்குப் போதாது. நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, நன்கு கழுவி உலர்த்த வேண்டும். அல்லது ஒருமுறை பயன்படுத்தி எறியும் முனையைப் பொருத்த வேண்டும்.

மூச்சுத்தடுப்பு முன்பே இருந்தபோதிலும், பல இடங்களில் அது கட்டாயமாக இருக்கவில்லை. சீனாவின் வூகான் நகரக் கண் மருத்துவர் லீ வென்லியாங், அறிகுறியற்ற கண் அழுத்த நோயாளி ஒருவரிடமிருந்து கொரோனா தொற்றைப் பெற்றதாகக் கருதப்படுகிறது. அவர் 2020 பிப்ரவரி 7 அன்று, 33 வயதில் இறந்தார். அதன்பின் இத்தகடு உலகெங்கும் பரவியது. விலைக்குக் கிடைக்காதபோது, மருத்துவர்கள் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி, இரு துளைகள் வெட்டி மாட்டிக்கொண்டனர்.

எளிய பொருள்தான்; முழுக் காப்பு அன்று. பெரிய துளிகளைத் தடுக்கும், ஓரங்களைச் சுற்றிவரும் நுண்துளிகளைத் தடுக்காது. ஆகவே இருவரும் முகக்கவசம் அணிவதும், பரிசோதனையின்போது பேச்சைக் குறைப்பதும் தேவை. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் தகட்டின் நோயாளிப் பக்கத்தைத் துடைக்க வேண்டும்; தாடையும் நெற்றியும் பதியும் இடங்களையும் அவ்வாறே.