தைலச் சாடிக்கு உரியவள்

கல்முனைப் பள்ளிவாசல்களில் ஹதீஸ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர் பழக்கமானது. அறபில் ‘ஹிர்ரா’ பூனை, ‘ஹுரைரா’ பூனைக்குட்டி. பூனைக்குட்டி மீது அவர் வைத்திருந்த பிரியம்தான் அந்தப் பெயரைத் தந்தது.

பழைய எகிப்தியர் வணங்கிய பூனைத் தெய்வம் பாஸ்தெத்தின் பெயரிலும் பூனை இருக்கும் என்றே பலரும் எண்ணுவர். இல்லை.

பூனையை அவர்கள் ‘மியு’ என்றார்கள்; அதன் குரலே அதற்குப் பெயர். பாஸ்தெத் என்று எழுத வரைந்ததோ, வாய் மூடிய ஒரு தைலச் சாடி. இறுதியில் வரும் தகர ஒலி பெண்பால் விகுதி. இதை வைத்தே ‘தைலச் சாடிக்கு உரியவள்’ என்று ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். வேறு விளக்கங்களும் உண்டு, ஆனால் எழுத்திலேயே சாடி நிற்கும்போது இதுவே பொருத்தமாகப் படுகிறது. பழைய உருவங்களில் அவளுக்குப் பெண்சிங்கத்தின் தலை. பூனை முகம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதினார். எகிப்தியர் பதனிட்டுப் புதைத்த பூனைகளில் சுமார் 1,80,000, 1890இல் கப்பலில் லிவர்பூலுக்குப் போய் வயலுக்கு உரமாக விலைப்பட்டன. ஒரு மக்களின் பக்தியைத் தொன் கணக்கில் விற்ற கொடுமை அது.

வழிபாடு போய்விட்டது, பெயர் போகவில்லை. பாஸ்தெத்தின் நகரம் ‘பெர்-பாஸ்த்’, பாஸ்தின் வீடு. கிரேக்கர் அதை புபாஸ்திஸ் என்றார்கள். இன்று அறபில் ‘தல் பஸ்தா’. தல் என்றால் மேடு. ஸகாஸீக் நகரின் ஓரத்தில் அந்த இடிபாடுகள் கிடக்கின்றன.

அதே ஸகாஸீக்கை அண்டிய கிராமம் ஒன்றில் 1841இல் பிறந்தவர்தான் எகிப்தியப் படைத்தலைவர் ஒராபி பாஷா. 1882இல் ஆங்கிலேயரிடம் தோற்று, நாடுகடத்தப்பட்டு, அடுத்த ஆண்டு இலங்கை வந்துசேர்ந்து, 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோருடன் அவரும் துணைநிற்க, 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்தது ஸாஹிராக் கல்லூரி. ஸாஹிரா என்ற அறபுச் சொல்லுக்கு ‘மலர்ந்து ஒளிர்வது’ என்று பொருள்.

கல்முனைக் கல்லூரியின் பெயரும் ஸாஹிராதான். அங்கு படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை எகிப்தின் வரைபடத்தை விரித்து, ஸகாஸீக்கின் அருகே தல் பஸ்தாவைத் தேடிப் பார்க்க வேண்டும்.