தக்கவைத்தல்–மாற்றல் முறை (இங்கிலாந்துக் கால்பந்து)

தக்கவைத்தல்–மாற்றல் முறை என்பது இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் 1893 முதல் நடைமுறையில் இருந்த ஒப்பந்த ஏற்பாடாகும். வீரரின் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அவரது பதிவு பழைய கழகத்திடமே இருக்கும் என்பது இதன் சாரம். கழகம் பதிவை விட்டுக்கொடுக்காதவரை கால்பந்து லீக்கின் வேறெந்தக் கழகமும் அவரைச் சேர்க்க இயலாது. புதிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட மறுத்தால், பழைய கழகம் சம்பளம் தரவும் தேவையில்லை.

1901 இல் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. வாரத்துக்கு 4 பவுண்டாகத் தொடங்கிய அது, 1960 இல் 20 பவுண்டாக இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எச்சரித்ததை அடுத்து, 1961 சனவரியில் வரம்பு நீக்கப்பட்டது. மக்களிடையே அதிகம் பேசப்பட்டது இந்த வரம்புதான். எனினும் இரண்டில் கடுமையானது தக்கவைத்தலே. கூலி போதாத ஆலைத் தொழிலாளி வேறு ஆலைக்குப் போகலாம். கால்பந்து வீரருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.

இதனை எதிர்த்து ஆஸ்டன் வில்லா கழகத்தின் மீது எர்பர்ட் கிங்கபி தொடுத்த வழக்கு 1912 இல் தோற்றது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஜார்ஜ் ஈஸ்தாம் வந்தார். 1960 இல் நியூகாசில் யுனைட்டட் கழகத்துடன் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் மீண்டும் கையெழுத்திடவில்லை. கழகமும் அவரை விடவில்லை. சில மாதங்கள் கால்பந்தை விட்டு வேறு வேலை பார்த்தார். பின்னர் 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனல் வாங்கியது. தம் சிக்கல் தீர்ந்த பிறகும் சங்கத்தின் துணையோடு வழக்கை அவர் கைவிடாததே குறிப்பிடத்தக்கது.

இம்முறை இல்லாவிட்டால் பணக்காரக் கழகங்கள் நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும் என்று உரிமையாளர்கள் வாதிட்டனர். இது வெற்று வாதமன்று. சிறுநகரக் கழகங்கள் பின்னாளில் திணறியது உண்மையே. ஆயினும் அச்சமநிலைக்கான விலையை வீரர் மட்டுமே கொடுத்துவந்தார். 1963 சூலை 4 அன்று நீதிபதி வில்பர்ஃபோர்சு, தக்கவைத்தல் விதிகள் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை எனத் தீர்ப்பளித்தார்.

விதிகள் தளர்ந்தன. ஆனால் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் மாற்றுக் கட்டணம் கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் நீடித்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கழகம் 1990 இல் ஜான்-மார்க் போஸ்மானுக்குச் சம்பளத்தைப் பெருமளவு குறைத்துப் புதிய ஒப்பந்தம் நீட்டியது. அவர் மறுத்துப் பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குச் செல்ல முயன்றபோது, அந்த மாற்றம் நிறைவேறவில்லை. ஒன்றிய நாடுகளின் குடிமக்களான வீரர்கள், ஒப்பந்தம் முடிந்தபின் மற்றோர் உறுப்பு நாட்டுக் கழகத்துக்குச் செல்லக் கட்டணம் கோரக்கூடாது என ஐரோப்பிய நீதிமன்றம் 1995 திசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அப்போது போஸ்மானுக்கு வயது 31. ஆட்டக்காலத்தின் நல்ல ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்திருந்தன.