நாள்மீனும் கோள்மீனும் அல்லாத ஒன்று

பழந்தமிழர் வானத்து ஒளிகளை இருவகையாகப் பகுத்தனர். இடம்பெயராது நின்று நாளைக் கணிக்க உதவியவை நாள்மீன்கள். அவற்றின் ஊடே அலைந்து திரிந்தவை கோள்மீன்கள். பட்டினப்பாலை இவ்விரு சொற்களையும் ஒருசேர ஆள்கிறது. பெயர்கள் இரண்டாயினும் அடிச்சொல் ஒன்றே, இரண்டும் மீன்களே. ஒளிர்வதை மீன் என்று பொதுவாக வழங்கி, அதன் ஒழுகலாற்றை அடைமொழியால் வேறுபடுத்திய அம்மரபின் நுட்பம் இன்று புதியதொரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் துணிந்து கூறவியலாத பொருள்கள் வானத்தில் உள்ளன என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகால வானியல் நிறுவியுள்ளது. அவ்வரலாற்றின் தொடக்க ஏடுகளில் தமிழ் மண்ணுக்கும் இடமுண்டு.

1792ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வு நிலையம் எழுந்தது. அங்கு நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் பொறிக்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றிருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். இரட்டை விண்மீன்களை அளந்தறிவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. பாம்பாட்டி மண்டலம் எனத்தகும் ஓபியூக்கஸ் மண்டலத்தின் 70ஆம் எண் மீன் அத்தகைய இரட்டை. ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் இரு மீன்களும் 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. வான நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதால், மதுரையிலிருந்து காண்போருக்கு அது ஏறக்குறைய உச்சிவானில் கடந்து செல்லும்.

கணக்கிட்ட பாதைக்கும் கண்ட பாதைக்கும் இடையே சிறு பிறழ்ச்சி இருப்பதாக ஜேக்கப் உணர்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அவ்விரட்டையோடு இணைந்திருப்பதே பெரிதும் பொருத்தமான விளக்கம் என 1855இல் இலண்டன் வானியற் கழகத்தின் இதழில் எழுதினார். ஞாயிற்றுக் குடும்பத்துக்கு அப்பால் ஒரு கோள் உண்டு என அளவைகளின் துணைகொண்டு எழுந்த முதற்கூற்று என்று வானியல் வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுவர். அக்கூற்று சென்னையிலிருந்து பிறந்தது.

ஆனால் அது நிலைபெறவில்லை. 1890களில் அமெரிக்கரான தாமஸ் ஜெபர்சன் ஜாக்சன் சீ அதே மீனுக்கு ஒளியற்ற துணை ஒன்று உண்டு என மீண்டும் வலியுறுத்தினார். பாரஸ்ட் ரே மோல்டன் 1899இல் அதனைக் கணக்கால் மறுத்தார். சொல்லப்பட்ட பாதையில் அத்தகைய மூன்றாம் பொருள் நிலைத்திருக்க இயலாது என்று காட்டினார். அளவைகளின் பிழையே கோளாகத் தோற்றம் தந்திருந்தது. ஜேக்கப் இம்மறுப்பைக் காண உயிரோடு இல்லை; 1862இல் புனேயில் மறைந்திருந்தார்.

சென்னையில் விண்மீன் ஆய்வு அதன் பின்னும் சிலகாலம் தழைத்தது. நார்மன் போக்சன் தலைமையில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளிமாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆயின் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் ஆட்சியாளரின் நோக்கை வேறு திசைக்குத் திருப்பியது. ஞாயிற்றின் மாறுதல்களை அறிந்தால் பருவமழையின் போக்கை முன்னுணரலாம் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது. மழை பொய்த்த நிலத்துக்கு ஞாயிற்றைப் பற்றிய அறிவே முதன்மையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1891இல் போக்சன் மறைந்தார். 1899இல் ஆய்வுப்பணி கொடைக்கானல் மலைக்கு மாறியது. அம்மலை அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. சமவெளியிலுள்ள கொடைக்கானல் ரோடு இரயில் நிலையத்தில் இறங்கி மலையேறிய அறிஞர்கள் அங்கு ஞாயிற்றை நாள்தோறும் நோக்கினர். 1909இல் ஜான் எவர்ஷெட் ஞாயிற்றுப் புள்ளிகளில் வளிமப் பாய்ச்சலைக் கண்டது அம்மலையின் பெரும்புகழ். பசியின் நினைவு பகல்வானத்தை ஆளத் தொடங்கியது; இரட்டை மீன்களின் துணையைத் தேடும் ஆய்வு தென்னாட்டில் முதன்மை இழந்தது.

அடுத்த திருப்பம் தொலைநோக்கியால் நிகழவில்லை. தாளில் எழுதிய கணக்கால் நிகழ்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பற்பயணத்தில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டென்று உணர்ந்தார். நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளும் அழுத்தமே அத்தகைய மீனைத் தாங்குகிறது. ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட எடையை அவ்வழுத்தத்தால் தாங்கவியலாது.

முப்பதாண்டுகள் கழித்து அதே அழுத்தத்தை மறுமுனையில் பொருத்திப் பார்த்தார் இந்திய மரபினரான சிவ் குமார். விண்வெளி வளிமத் திரள் தன் ஈர்ப்பால் சுருங்கும். சுருங்குகையில் நடுப்பகுதி வெப்பமுறும். போதிய வெப்பம் எய்தினால் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள, விண்மீன் பிறக்கும். திரளின் எடை குறைவாயின் அவ்வெப்பம் எய்தும் முன்னரே எலக்ட்ரான் அழுத்தம் சுருக்கத்தைத் தடுத்துவிடும். ஞாயிற்றின் எடையில் நூற்றில் ஏழு பங்குக்குக் கீழ்ப்பட்ட திரள் விண்மீனாகாது என அவர் 1963இல் வெளியிட்டார். சந்திரசேகரின் வரம்பு விண்மீனின் முடிவைப் பற்றியது. குமாரின் வரம்பு அதன் பிறப்பைப் பற்றியது. பற்றாமலேயே குளிரும் இப்பொருள்களுக்கு 1975இல் ஜில் டார்ட்டர் இட்ட பெயரே தமிழில் பழுப்புக் குறுமீன் என வழங்குகிறது. ஐயத்துக்கு இடமின்றி அவை கண்டறியப்பட்டது 1995ஆம் ஆண்டில்தான்.

இந்நெடுவரலாற்றில் 2004ஆம் ஆண்டு தனியிடம் பெறுகிறது. சிலி நாட்டின் பரனால் மலையில் நிறுவப்பட்ட ஐரோப்பியத் தொலைநோக்கி ஒன்றால் கேல் சோவின் தலைமையிலான குழுவினர் 2எம்1207 என்னும் பழுப்புக் குறுமீனை நோக்கினர். வளிமண்டல நடுக்கத்தை உடனுக்குடன் திருத்தும் கருவி அதில் பொருத்தப்பட்டிருந்தது. அகச்சிவப்பு ஒளியில், குறுமீனின் அருகே அதனினும் ஏறத்தாழ நூறு மடங்கு மங்கிய செம்புள்ளி ஒன்று தென்பட்டது.

குறுமீனின் எடை வியாழனைப்போல் சுமார் 25 மடங்கு; துணையின் எடை சுமார் 5 மடங்கு. ஞாயிற்றின் அகவை ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக, இவ்விரண்டின் அகவை ஒரு கோடி ஆண்டை ஒட்டியது. அவ்விளமையே துணையைக் காட்டிக்கொடுத்தது. பிறந்தபோது பெற்ற வெப்பம் இன்னும் ஆறாமையால் அது தானே ஒளிர்கிறது. முதுமை எய்தியிருப்பின் அதே கருவிக்கும் தப்பியிருக்கும். இவ்விணை சென்டாரஸ் மண்டலத்தில் ஏறத்தாழ 210 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. சித்திரைத் திருவிழாவின் நிலவிரவில் வையைக் கரையில் மக்கள் திரளும் வேளையில், பத்து மணியை ஒட்டி, தெற்கே 40 பாகை உயரத்தில் அது மதுரையைக் கடக்கிறது. எந்தக் கண்ணுக்கும் புலப்படாது. கிரீனிச்சின் தொடுவானுக்கோ அது மேலெழுவதே இல்லை.

சோவின் குழுவினர் கண்டதைக் கோள் என்று உடனே முரசறையவில்லை. பின்னணியிலுள்ள தொலைதூர மீன் ஒன்று தற்செயலாக அருகில் தோன்றியிருக்கக்கூடும். இரண்டும் வானில் சேர்ந்தே நகர்கின்றன என்பதை ஓராண்டு காத்திருந்து அளந்த பின்னரே, 2005இல் அது துணையே என உறுதி கூறினர். வேறொரு குழுவினர் ஹப்பிள் விண்தொலைநோக்கியால் கண்டதும் அதற்குச் சான்றாயிற்று. ஞாயிற்றுக் குடும்பத்துக்கு அப்பால், கோளின் எடை கொண்ட துணையொன்றை நேரே படம்பிடித்த முதல் நிகழ்வு என இது போற்றப்படுகிறது. ஜேக்கப்புக்கும் இவர்களுக்கும் இடைப்பட்ட 150 ஆண்டுகளில் கருவிகள் வளர்ந்தன. அவற்றோடு, கண்டதை நம்புமுன் காத்திருக்கும் பயிற்சியும் வளர்ந்தது.

எனினும் பெயரின் வழக்கு முடியவில்லை. வியாழனைப்போல் 13 மடங்குக்குக் குறைந்த எடையுடையதே கோள் என்னும் வரையறைப்படி இத்துணை கோளாகும். ஆனால் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஆணையம் ஒன்று 2018இல் மேலும் ஒரு விதியைச் சேர்த்தது: கோள் தன் தலைவனின் எடையில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைந்திருத்தல் வேண்டும். இத்துணையோ ஐந்தில் ஒரு பங்கு. தலைவனைச் சூழ்ந்த தட்டிலிருந்து கோள்கள் உருவாவதுபோல இவ்வளவு பெரிய துணை உருவாதல் அரிது; இரட்டை மீன்களைப்போல ஒரே திரள் பிளவுற்று இரண்டும் பிறந்திருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். எடையால் கோள், பிறப்பால் மீனின் உடன்பிறப்பு. தலைவனாக நிற்பதோ பற்றாத மீன்.

ஆங்கிலம் விண்மீனுக்கும் கோளுக்கும் தொடர்பற்ற இரு சொற்களை வைத்திருப்பதால், இடைப்பட்டவற்றை எந்த வேலிக்குள் அடைப்பது எனத் தடுமாறுகிறது. தமிழின் பழைய பகுப்பில் அவ்வேலி இல்லை. மீன் என்னும் ஒரு சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது. மூன்றாம் வகைக்குத் தேவைப்படுவது இன்னோர் அடைமொழி மட்டுமே. பழுப்புக் குறுமீன் என்னும் பெயர் பிறமொழிப் பெயரின் நிழல். அந்நிழலிலிருந்து விலகி, பற்றாமலே ஒளிர்ந்து குளிரும் அம்மீனுக்கும் அதன் துணைக்கும் தமிழ் தன் வேரிலிருந்து பெயர் தருதல் இயலும். அளந்தறியும் பணியை அறிவியலார் செய்துள்ளனர். சொல்லாக்கும் பணி கவிஞர்களின் கையில் உள்ளது. சென்னையில் எழுந்த ஒரு கூற்று பிழையாய்ப் போனதுபோல அவர்கள் ஆக்கும் முதற்சொல்லும் பிழைபடலாம். அதனைத் திருத்துவதற்கும் முதலில் ஒரு சொல் வேண்டும்.