லிஸானுல் ஹால்

அரபு மத்ரஸாக்களில் ஓதியோர் 'லிஸானுல் ஹால்' என்னும் சொற்றொடரை அறிவர். 'நிலையின் நாவு' என்பது அதன் பொருள். வாய் மௌனமாயிருக்க, ஒருவனது நிலையே அவனுக்காகப் பேசுவதை அது குறிக்கும். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த பேரறிஞர் அல்ஜாஹிழ், கருத்தைப் புலப்படுத்தும் வழிகள் ஐந்து என்றார்: சொல், சைகை, விரற்கணக்கு, எழுத்து, நிலை. நம் தொல்காப்பியரோ உள்ளத்துணர்வு உடலில் தோன்றுவதற்கு 'மெய்ப்பாடு' எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்தார்.

இவ்விரு மரபும் கூறிய உண்மையைச் சினிமாக் கலை தன் இளமையிலேயே சோதித்துப் பார்த்தது. அது ஊமையாகப் பிறந்த கலையன்றோ! 1917 புரட்சியை அடுத்த ஆண்டுகளில், ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்னும் இளைஞர், இவான் மோஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகக்காட்சியொன்றை எடுத்துக்கொண்டார். அதனோடு ஒரு கிண்ணம் சூப்பை இணைத்துக் காட்டினார். பின்னர் அதே முகத்தோடு ஒரு பிணப்பெட்டியை இணைத்தார். பார்த்தோர் முன்னதில் பசியையும் பின்னதில் துயரத்தையும் கண்டு நடிகரைப் போற்றினராம். முகமோ சற்றும் மாறவில்லை! அப்படச்சுருள் இன்று இல்லை. குலெஷோவும் அவர் மாணவர் புதோவ்கினும் கூறிய ரிவாயத்தாகவே அச்செய்தி நம்மை வந்தடைந்துள்ளது.

பார்ப்பவன் தன் மனத்திலுள்ளதைப் பிறர் முகத்தில் ஏற்றிக் காண்கிறான் என்பதே அதன் பாடம். முப்பதாண்டுகளாகப் பாடம் சொல்லிவரும் நான், பேசாது நின்ற மாணவனொருவன் முகத்தில் திமிரைக் கண்டு தண்டித்ததுண்டு. அன்று அவன் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதைப் பிறகே அறிந்தேன். அம்முகத்தில் திமிரை வைத்தவன் நானே.

அப்படியாயின் நடிகனுக்கு வேலை இல்லையோ? உண்டு. 2003-இல் அமித் குமார் இயக்கிய 'தி பைபாஸ்' என்னும் குறும்படமே சான்று. ஏறத்தாழக் கால் மணி நேரம் ஓடும் அதில் உரையாடலே கிடையாது. களம், ராஜஸ்தானத்தின் ஆளரவமற்ற சாலை. வழிப்பறி செய்வோருள் ஒருவராக நவாஸுத்தீன் சித்தீக்கும், நேர்மையற்ற காவலராக இர்ஃபான் கானும் நடித்தனர். இருவரும் டில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர்கள். மேடையில் கடைசி வரிசை வரை எட்ட வேண்டிய பாவனை, கேமராவின் அண்மையில் இமையளவு அசைந்தாலே போதும் என்பதை உணர்ந்தவர்கள். நவாஸுத்தீன் 1996-இலேயே அப்பள்ளியை முடித்தவர். ஒரு காலத்தில் காவலாளி வேலையும் பார்த்தவர். நாடு அவர் முகத்தை நன்கறிந்துகொண்டது 2012-இல்தான்.

இர்ஃபானின் முகம் புதுச்சேரியாருக்கு அந்நியமன்று. 'லைஃப் ஆஃப் பை' கதையின் நாயகன் நம்மூர்ப் பிள்ளை. 2011 தொடக்கத்தில் நம் நகரிலேயே படப்பிடிப்பு நடந்தது. 2012-இல் படம் வெளிவந்தது. கப்பல் மூழ்கிக் குடும்பத்தை இழந்து, பின்னர் கனடாவில் குடியேறி நடுவயதை எய்திய நாயகனாக இர்ஃபான் வருகிறார். நடுக்கடலில் தன்னோடு பிழைத்த புலி, கரை சேர்ந்ததும் திரும்பியும் பாராமல் காட்டுக்குள் மறைந்ததை அவர் விவரிக்குமிடம் ஒன்றுண்டு. விடைபெறாமற் பிரிவதே பெருந்துயர் என்கிறார். அங்கே சொல் சிறிது. மீதியைக் கலங்கிய கண்களே சொல்லிவிடுகின்றன.

2020 ஏப்ரல் 25 அன்று அவருடைய தாயார் ஸயீதா பேகம் ஜெய்ப்பூரில் வஃபாத்தானார். ஊரடங்குக் காலமாதலால், மும்பையில் இருந்த மகனால் ஜனாஸாவுக்குச் செல்ல இயலவில்லை. நான்கே நாட்களில், 29-ஆம் தேதி, ரமலானின் முதல் வாரத்தில், இர்ஃபானும் தம் 53-ஆம் வயதில் இவ்வுலகை நீத்தார்.

இன்று அக்காட்சியைக் காண்போர், தாயிடம் விடைபெற இயலாத மகனையும் அக்கண்களில் காண்பர். படத்திலுள்ள முகம் மாறவில்லை. பார்க்கும் நாம் மாறிவிட்டோம். ஆதலின், நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் பேசாதிருக்கும் முகத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லுமுன், அருகமர்ந்து ஒரு வார்த்தை கேட்போமாக.